அரை மாத்திரை

என் தங்கைக்கு மாத்திரை கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் டாக்டரைத் திட்டப்போகிறேன், ஊரைத் திட்டப்போகிறேன். நடுவில் யாராவது எழுந்து, நீ மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்டுவிடக் கூடாது பாருங்கள். நான் யோக்கியம் இல்லை. ஆறு வருஷம் என் கையால்தான் கொடுத்தேன்.

எங்கள் வீடு வில்பட்டியில். அப்பா உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டார், அம்மா அவரோடு காட்டில் நின்றார். நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டெலிபோன் பார்த்தேன். காலை பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். தங்கை என்னைவிட ஐந்து வயது இளையவள். பிறந்தபோது வெகுநேரம் அழவில்லை என்று அம்மா சொல்வார். நடந்ததே நாலு வயதில்தான். பதிமூன்று வயதில் அவளிடம் இருந்தது மொத்தம் முப்பது நாற்பது வார்த்தை. அதை வைத்துக்கொண்டே வீட்டை ஆட்டிவைப்பாள். "டீ" என்றால் டீ. அதையே கொஞ்சம் இழுத்து "டீஈ" என்றால் சர்க்கரை பத்தவில்லை என்று அர்த்தம். "போ" என்றால் அடுத்த நிமிஷம் அங்கே யாரும் நிற்க முடியாது.

அவளுக்கு ஒரு வேலை இருந்தது. பொழுது போகட்டும் என்று கொடுத்த வேலை இல்லை, நிஜமான வேலை. கிழங்கு தோண்டி வந்ததும் தரம் பிரிக்க வேண்டும். பெரியது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், விதைக்கு ஆகிற சின்னது ஒரு குவியல். வெட்டுப்பட்டதையும் பச்சை பாய்ந்ததையும் தூரப் போட வேண்டும். கூலிக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டே பிரிப்பார்கள், பத்துக்கு ஒன்று மாறிவிடும். என் தங்கை பிரித்த மூட்டையை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அவிழ்த்துப் பார்த்துக் குறை சொன்னவன் கிடையாது. "பெரியவளுக்கு வாய் இருக்கு, சின்னவளுக்குக் கை இருக்கு" என்பார் அப்பா. எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அது உண்மை.

பதிமூன்றாவது வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரியில் பினோபார்பிடோன் கொடுத்தார்கள். சின்னதாக, வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் தூங்குவாள், பயப்படாதீர்கள் என்றார்கள். எங்கே தூங்கினாள்? முடியைப் பிடித்து இழுத்தாள், தன் கையையே கடித்தாள், உட்கார்ந்த இடத்தில் இருக்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவள் வயதுக்கு வந்த சமயமும் அதுதான். அதனால் ஊர் கூடி ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டது. "வயசுக்கு வந்துட்டா இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மூர்க்கம் வந்துரும்" என்றாள் எங்கள் சித்தி. இந்த மாதிரிப் பிள்ளை இன்னொன்றை அவள் வாழ்நாளில் பார்த்தது கிடையாது. ஆனாலும் அடித்துச் சொன்னாள், நாங்களும் தலையாட்டினோம். மாத்திரை மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

வலிப்பு அதிலும் அடங்கவில்லை. மாதம் நாலு, ஐந்து. மதுரையில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவளைக் கூட்டிப்போனோம். வெள்ளனே கிளம்பி, பெருமாள்மலை இறக்கத்தில் அவள் வாந்தி எடுத்து, வத்தலக்குண்டில் முகம் கழுவிவிட்டு, மதுரை போய்ச் சேர்ந்தால் அங்கே எங்களுக்கு முன்னால் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

எப்போதெல்லாம் வலிப்பு வந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். நான் ஆபீசில் வேலை பார்ப்பவள் இல்லையா, ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு, வலிப்பு வந்த நாளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டேன். அவர் அந்த நோட்டைத்தான் பார்ப்பார். என் தங்கையைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"எத்தனை?"

"நாலு சார்."

"ஒண்ணு கூட்டிக்கோங்க."

அவ்வளவுதான் பார்வை. நான் சென்னைக்கு ஒரு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கவே இதைவிட நேரம் ஆகும்.

பினோபார்பிடோனோடு பினிடாயின் சேர்ந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. காலையும் ராத்திரியும் நான் கொடுப்பேன், மத்தியானம் அம்மா. இரண்டு வருஷத்தில் நோட்டில் பெருக்கல் குறியே இல்லாமல் ஒரு மாதம் வந்தது. அப்புறம் அடுத்த மாதமும் இல்லை. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்து "வெரி குட்" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்று கூட நான் அப்படிப் பூரித்துப் போகவில்லை.

அதே வருஷம்தான் அவள் டீ தம்ளரை எடுக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். வேடிக்கையாக இருக்கிறது என்று சிரித்தோம். பிறகு கை நடுங்கியது. கிழங்கை எடுத்தால் வேறு குவியலில் விழும். அவள் விழுந்த இடத்தைப் பார்ப்பாள், திரும்ப எடுப்பாள், அது மறுபடியும் தப்பாக விழும். ஒருநாள் மூன்று குவியலையும் காலால் எத்திக் கலைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கிழங்குப் பக்கமே போகவில்லை.

நடை அகன்றது. இரண்டு காலையும் விரித்து வைத்து, படகில் நிற்பவள் மாதிரி நடந்தாள். மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது அவள் தள்ளாடியதைப் பார்த்து, பின்னால் நின்ற ஒருத்தி, "இதை ஏன் கூட்டிக்கிட்டு வர்றாங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். என் காதில் விழ வேண்டும் என்றே கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தங்கை வீட்டிலேயே இருந்தாள்.

ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வந்தது. தொட்டால் ரத்தம். பல் விளக்க மாட்டேன் என்கிறாள், அதனால்தான் இப்படி அழுகுகிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். உப்பும் கரியும் வைத்து அழுத்தித் தேய்த்துவிடுவார். அவள் திமிறுவாள், அடி விழும். "கழுதை வயசாகுது, பல்லு வெளக்கத் தெரியல." இந்த மாத்திரை ஈறை வளர்க்கும் என்று மதுரை டாக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும்.

வார்த்தைகளும் போயின. முதலில் போனது "போ". பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் "க்கா" மட்டும் நின்றது, அதுவும் எச்சில் வழிய, பாதித் தூக்கத்தில்.

நான் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டேன். "சார், நடை ஒரு மாதிரி இருக்கு, பேச்சும் கொறைஞ்சிருக்கு."

நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைம்மா. அப்படித்தான் இருக்கும். பிட்ஸ் நின்னுருக்கு இல்ல? அப்புறம் என்ன?"

அன்றைக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பேங்க் கிளார்க் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வலிப்பு, அவருக்கும் இதே மாத்திரை. "போன தடவை தலை சுத்துதுன்னு சொன்னேன்மா, ஒடனே அரை மாத்திரை கொறைச்சுட்டாரு. நல்ல டாக்டர்" என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். நானும் ஆமாம் சார், நல்ல டாக்டர் என்றேன். அந்த ஆள் பேண்ட் போட்டிருந்தார், வாய் இருந்தது, தலை சுற்றுகிறது என்றார், குறைந்தது. என் தங்கை அதே தள்ளாட்டம் தள்ளாடினால் அது அவள் மூளை. ஒரே மாத்திரைதானே ஐயா. இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏற நாலு வருஷம் ஆயிற்று.

அடுத்து நாங்கள் செய்ததுதான் பெரிய கொடுமை. ஆரம்பத்தில் அவளுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் உடம்பு ஆடும். நின்ற இடத்தில் லேசாகச் சாய்வாள், அப்புறம் விழுவாள். அதை நாங்கள் கண்டு வைத்திருந்தோம். டாக்டரும், "வர்ற மாதிரி தெரிஞ்சா அரை மாத்திரை சேத்துக் குடுத்துருங்க" என்று சொல்லியிருந்தார். இப்போது மாத்திரை மிஞ்சிப்போய் அவள் ஆடினாள். நாங்கள் என்ன நினைத்திருப்போம்? "ஏட்டி, வரப் பாக்குது, அரை மாத்திரைய எடு" என்று அம்மா காட்டிலிருந்தே குரல் கொடுப்பார். நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வருவேன். அரை போனதும் இன்னும் ஆடுவாள். இன்னும் ஆடினால் இன்னொரு அரை. பிறகு வலிப்பு வராது. பார்த்தாயா, தடுத்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். வராத ஒன்றைத் தடுத்துத் தடுத்து அவளைச் சுவரோடு ஒட்டவைத்தோம்.

அவள் துப்பினாள். மலைவாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். மலைவாழை என்றால் அவளுக்கு உயிர். நாலே நாளில் கண்டுபிடித்துவிட்டாள், அதற்குப் பிறகு பழத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "பழங்கூடப் பிடிக்காமப் போச்சு பாரு, மூளை அவ்வளவு மங்கிருச்சு" என்று அப்பா வருத்தப்பட்டார். அப்புறம் மூக்கைப் பிடித்தேன். மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும்.

எண்பதுகள் தொடங்கியபோது அவளுக்கு இருபது வயது. அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை. மூளை தேய்ந்துகொண்டே வருகிறது, ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். கீழே, திண்டுக்கல் தாண்டி ஒரு ஹோம் இடம் தருவதாகச் சொன்னது. கடிதம் எழுதியது நான்தான். அவர்கள் அனுப்பிய விண்ணப்பப் பாரத்தில் பக்கத்து டாக்டர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை கொண்டுவந்து விடுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். அவளுடைய துணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். இரண்டு கம்பளி வைத்தேன். கீழே வெயிலில் கம்பளி எதற்கு என்று கூட எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். பழைய டாக்டர் போய், புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார். ஒல்லியாக, கடுகடுவென்று இருந்தார். நான் பாரத்தை நீட்டினேன். "ஒரு கையெழுத்து மட்டும் டாக்டர். வேற சோலி ஒண்ணுமில்லை. பதினொன்றரை பஸ்ஸுக்குப் போகணும்."

"பேஷண்டைப் பாக்காம கையெழுத்து எப்படிப் போடுறது?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஆறு வருஷம் மதுரையில் பார்த்தாயிற்று, இந்த அம்மா என்னத்தைப் புதிதாகப் பார்க்கப்போகிறார்? அவர் என் எரிச்சலைச் சட்டை செய்யவில்லை. பேனாவைத் தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்தினார். அவள் கண்மணி வெட்டி வெட்டித் துடித்தது. மூக்கைத் தொடச் சொல்லிச் செய்து காட்டினார். அவள் விரல் கன்னத்தில் போய் இடித்தது. தரையில் இருந்த கோட்டின்மேல் கையைப் பிடித்து நடத்தினார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார்.

"என்னென்ன மாத்திரை? எத்தனை?"

சொன்னேன். நோட்டை எடுத்து நீட்டினேன். நாலு வருஷமாக ஒரு பெருக்கல் குறி இல்லாத நோட்டு. அதை அவர் வாங்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் தங்கைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உனக்கு என்ன செய்யுதும்மா?"

அம்மா வாயைத் திறந்தார். "அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க டாக்டர், நாங்கதான்..."

"அவ சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று பார்த்தேன். எவ்வளவு நேரம் போயிற்றோ. டாக்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் தங்கை வலது கையைத் தூக்கினாள், அது நடுங்கி நடுங்கிப் போய்த் தலையில் உட்கார்ந்தது.

"சுத்துது" என்றாள்.

அவளிடம் அப்படி ஒரு வார்த்தை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் எண்ணி வைத்திருந்த முப்பது நாற்பதில் அது இல்லை. யாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாளோ, எத்தனை வருஷம் வைத்திருந்தாளோ. ஒருத்தராவது கேட்டால்தானே சொல்லுவாள்.

"இது மூளை தேயறது இல்லைம்மா" என்றார் டாக்டர். "மாத்திரை செய்யற வேலை. இந்த மாத்திரை ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா, அப்புறம் சேக்கிற அரை மாத்திரை ஒரு முழு மாத்திரைக்கு மேல வேலை செய்யும். யாரு அரை மாத்திரை சேக்கச் சொன்னது?"

அம்மா தங்கையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப அந்த ஈறு?" என்று கேட்டார்.

"அதுவும் மாத்திரைதான்."

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாத்திரைப் பாட்டிலை அங்கேயே குப்பைக்கூடையில் போட்டேன். லேடி டாக்டர் அதைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "திடீர்னு நிறுத்தினா வலிப்பு விடாம வந்து உயிர் போயிரும். உங்க கோபத்துக்கு அவளைப் பலி குடுக்காதீங்க. நான் சொல்ற மாதிரிக் கொறைங்க." ஹோம் பாரத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.

குறைப்பதற்கு எட்டு மாதம் ஆயிற்று. முதலில் பினிடாயின், பிறகு பினோபார்பிடோன். கடைசியில் வேறொரு மாத்திரையில் குறைந்த அளவில் நிறுத்தினார். சும்மா குறைக்கவில்லை. வாரா வாரம் அவள் நடக்க வேண்டும், கண்ணைக் காட்ட வேண்டும், "சுத்துதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் தலையாட்டும்வரை டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டார். வெளியே வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

மதுரை டாக்டரிடம் நான் தனியாகப் போனேன். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் போனேன். லேடி டாக்டர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "வலிப்பு திரும்பி வந்தா என்கிட்ட வராதீங்க" என்றார்.

"வரமாட்டேன் சார். ஆனா ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷத்துல ஒரு தடவையாவது அவ மூஞ்சியப் பாத்தீங்களா? இங்க வந்த பேங்க் கிளார்க்குக்கு உடனே கொறைச்சீங்களே, இவளுக்கு ஏன் கொறைக்கல?"

"எந்த கிளார்க்?" என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. பிறகு மணியை அடித்து அடுத்த ஆளை வரச் சொன்னார்.

தங்கை நடந்தாள். முன்போல இல்லை, கால் கொஞ்சம் அகன்றுதான் இருந்தது. அந்த லேசான தள்ளாட்டம் இனிப் போகாது, அதிக நாள் ஆகிவிட்டது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஈறு வற்றியது. பல் இரண்டு போயிருந்தது. வார்த்தைகளில் ஒரு இருபது திரும்பி வந்தன. "போ" வந்த அன்று அம்மா அடுப்படியில் நின்று அழுதார். மூன்றாவது அறுவடையில் கிழங்குக் குவியலுக்கு எதிரில் அவளே போய் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பிரித்தாள். ஒன்று கூட மாறவில்லை.

வலிப்பும் வந்தது. அதையும் சொல்ல வேண்டும், மறைத்தால் நானும் அந்த நோட்டு மாதிரி ஆகிவிடுவேன். மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. ஒரு அறுவடை சமயத்தில், பட்டப்பகலில், கிழங்குக்கு நடுவிலேயே விழுந்தாள். தலைக்குக் கீழே சாக்கை வைத்துப் பக்கவாட்டில் படுக்கவைத்தேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது. ஒரு மணி நேரம் தூங்கினாள், எழுந்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு "டீஈ" என்றாள். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கலைந்து கிடந்த குவியலை அவளே திரும்பக் கூட்ட ஆரம்பித்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான் அவளுக்கு. "பாவம்" என்றாள். "நல்லாத்தான இருந்துச்சு புள்ள. மாத்திரையக் கொறைச்சுக் கெடுத்துப்புட்டீங்க."

என் தங்கை சுவரோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருந்த நாலு வருஷமும் இவள் தினமும் அந்த வழியாகத்தான் தண்ணீருக்குப் போய் வந்தாள். ஒருநாள்கூடப் பாவம் என்று சொன்னதில்லை. அப்போது என் தங்கைக்கு வலிப்பு வரவில்லை அல்லவா.